வீட்டுக்கு ஆர்ஓ மெஷின்: உவர்க்கிணற்றுக்குச் சரி, குழாய்த் தண்ணீருக்கு வீண் செலவு

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர் இதோடு போகலாம். கடற்கரைப் பக்கம் உவர்க்கிணறு வைத்திருப்பவர்கள் ஆர்ஓ மெஷின், அதாவது தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கிற மெஷின், வாங்கலாம், காசுக்கு நட்டமில்லை. கந்தளாய்க் குளத்துக் குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. விற்க வருகிறவர்கள் மேசையில் வைத்துக் காட்டுகிற வித்தையை யாருமே நம்ப வேண்டாம்.

நான் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் மூன்று அறைகளோடு ஒரு சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வளவுக்குள் கிணறு இருக்கிறது, குழாய் இணைப்பும் இருக்கிறது. ஆனால் சீசனில் அறைகள் நிறைந்து, துவைப்பு, குளிப்பு, சமையல் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது கிணறுதான் கைகொடுக்கும். தை, மாசியில் அந்தத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. வைகாசி தாண்டிக் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் நீர்மட்டம் இறங்கும், உப்பு ஏறும். பிளேன்டீ ஊற்றிக் கொஞ்சம் ஆறவிட்டால் மேலே மங்கலாக ஓர் ஆடை படரும். ஊதினால் நடுவில் வெடித்து ஓரத்துக்கு ஒதுங்கும். கேத்திலின் அடியைச் சுரண்டினால் வெள்ளைப் பொருக்கு கரண்டி கரண்டியாக வரும். வெள்ளைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்குச் சிரிப்பார்கள், அடுத்த நாள் போத்தல் தண்ணீர் கேட்பார்கள். போத்தல் வாங்கி, வெறும் போத்தலை மூட்டை கட்டி, அதை எடுக்கிறவர் வராமல் பின்வளவில் குவிந்து, அலுத்துப்போய்த்தான் மெஷின் தேடினேன்.

நான் வாங்கியது சுவரில் மாட்டுகிற வகை. 85,000 ரூபாய் கொடுத்தேன், பொருத்துகிற கூலியும் அதற்குள் அடக்கம். முதலில் மண், தூசி பிடிக்கிற பஞ்சு. பிறகு குளோரினையும் மணத்தையும் எடுக்கிற கரி. அதற்குப் பிறகு மெம்பிரேன் என்கிற சவ்வு. மோட்டர் அழுத்தித் தள்ள, தண்ணீர் அதன் ஊடாகப் போகும், உப்பில் பெரும்பங்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். கடைசியில் கிருமி கொல்ல ஒரு யூவி விளக்கு. இதற்கும் மேலே 'மினரல்' சேர்க்கிறது, 'ஆல்கலைன்' ஆக்குகிறது என்று இரண்டு குழல்கள் உண்டு. அவை இல்லாமலே வாங்கலாம், விலை குறையும், தேநீர் ஒன்றும் கோபிக்காது.

தண்ணீர் எப்படி? நன்றாகவே இருக்கிறது. பிளேன்டீயில் ஆடை இல்லை, கேத்தில் சுத்தம், பருப்பு சீக்கிரம் அவிகிறது. கச்சான் காலத்தில் என் கிணற்றில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, லீற்றருக்கு 900 மில்லிகிராமுக்குக் கிட்ட நிற்கும். மெஷினிலிருந்து வருகிற தண்ணீரில் 60, 70. இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 விதிக்கிற எல்லை 500. ஆக, உப்பை எடுக்கிற வேலையை மெஷின் சரியாகச் செய்கிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

முதல் குறை விற்பனையில். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வித்தை நிலாவெளியிலும் சாம்பல்தீவிலும் வீடு வீடாக நடக்கிறது.

வந்த தம்பி நல்ல பொடியன். சேர்ட்டை உள்ளே விட்டு, பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். பெட்டியின் கீழே இரண்டிரண்டாக நான்கு உலோகக் கம்பிகள். ஒரு கிளாசில் என் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த மெஷின் தண்ணீர். கம்பிகளை இரண்டிலும் இறக்கி, பிளக்கைக் குத்தி, சுவிட்சைப் போட்டார். கிணற்றுத் தண்ணீர் முதலில் மஞ்சளித்தது. பிறகு பச்சைக் கலங்கலாகி, ஒரு நிமிஷத்துக்குள் துருநிறத்தில் நுரை கட்டிக்கொண்டு, பார்க்கவே வயிற்றைப் பிரட்டியது. மற்றக் கிளாஸ் அப்படியே தெளிவாக நின்றது. "இதைத்தான் அக்கா இவ்வளவு நாளும் குடிச்சிருக்கிறியள்" என்றார். பக்கத்தில் நின்ற என் மாமியார் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

மகள் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறாள். குசினிக்குள் போய் ஒரு சிட்டிகை கறியுப்பு எடுத்து வந்தாள். "அண்ணா, இதை அந்த நல்ல தண்ணிக்குள்ள போட்டுத் திரும்பச் செய்யுங்கோ." போட்டார். சுவிட்ச் போட்டதும் அந்தத் தண்ணீரும் அதே மஞ்சள், அதே பச்சை, அதே துரு. விஷயம் இவ்வளவுதான்: கம்பிகளில் ஒரு சோடி இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்பு கரையும். கிளாசில் மிதந்தது கம்பியின் துருவே தவிரக் கிணற்றின் அழுக்கு இல்லை. உப்பு எடுத்த தண்ணீரில் மின்சாரம் ஓடாது, கம்பியும் கரையாது. பொடியன் முகம் சிவந்து, "கம்பனியில இப்பிடித்தான் அக்கா பழக்கினவை" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உப்பை எடுக்கும் என்று நேரே சொல்லியிருந்தாலே நான் வாங்கியிருப்பேன், வாங்கவும் செய்தேன்.

ஆனால் அதற்கு முன் அவர் இன்னொன்று சொன்னார்: "இனி உங்கட வீட்டில கனடாத் தண்ணிதான்." விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். அக்காவின் புருஷன். எட்மன்டனிலிருந்து லீவில் வந்திருந்தார், அங்கே பல வருஷம் எண்ணெய் மணல் சுரங்கத்து கேம்ப் ஒன்றின் குசினியில் வேலை பார்த்தவர். "தம்பி, கனடாவில எந்த ஆத்துத் தண்ணி?" என்று கேட்டார். பொடியனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

அத்தான் வேலை செய்த இடம் அல்பேர்ட்டா மாகாணத்தில் போர்ட் மக்மரிக்கு வடக்கே, அத்தபாஸ்கா ஆற்றுக்குப் பக்கம். அந்த ஆறு ரொக்கி மலைப் பனியில் பிறந்து வடக்கே ஓடி, அத்தபாஸ்கா ஏரியில் விழுகிறது. அங்கிருந்து ஸ்லேவ் ஆறு, பிறகு கிரேட் ஸ்லேவ் ஏரி, பிறகு மக்கென்சி ஆறாகி வடதுருவக் கடல். மொத்தமாக மக்கென்சிப் படுகை 18 லட்சம் சதுர கிலோமீற்றர், கனடாவில் ஐந்தில் ஒரு பங்கு. நம் நாட்டை இருபத்தேழு தடவை அதற்குள் வைக்கலாம். அந்தப் பெரிய படுகையின் மேல்முனைப் பக்கமாக மணலும் தாரும் கலந்த மண்ணைத் தோண்டி, சுடுதண்ணீரில் அலசி எண்ணெய் எடுக்கிறார்கள். 1967இல் தொடங்கிய தொழில். அலசிய தண்ணீரில் களி, மிச்சத் தார், உப்பு, மீனுக்கு ஆகாத நப்தனிக் அமிலங்கள் எல்லாம் கிடக்கும். மீன் வாழும் நீரில் நச்சைக் கொட்டக்கூடாது என்பது கனடாவின் மீன்பிடிச் சட்டம். அதனால் அந்தக் கழிவை அணை கட்டிக் குளங்களில் தேக்குகிறார்கள். இப்போது தேங்கி நிற்பது 1.3 லட்சம் கோடி லீற்றருக்கு மேல். கந்தளாய்க் குளம் முட்ட முட்ட நிறைந்தால் 13,500 கோடி லீற்றர். அப்படிப் பத்துக் கந்தளாய்க் கழிவு, ஆற்றங்கரையில், மண் அணைகளுக்குப் பின்னால்.

"எங்கட கேம்ப் ஆத்துக்குக் கிட்டத்தான். ஆனா அந்த ஆத்து மீனை ஒருநாளும் சமைச்சதில்லை" என்றார் அத்தான்.

ஆற்றின் கீழ்முனையில், ஏரிக்கரையில், போர்ட் சிப்பவையன் என்று ஓர் ஊர். ஆயிரம் பேர் அளவில், டெனே, கிரீ, மேட்டீ மக்கள். மாரியில் பனி உறைந்தால்தான் வாகனப் பாதை, மற்றப்படி விமானம் அல்லது படகு. தலைமுறை தலைமுறையாக ஆற்று மீனும் ஏரித் தண்ணீருமே வாழ்வு. மீனில் கட்டி வருகிறது, ஆட்களுக்குப் புற்றுநோய் வருகிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1997இலிருந்து ஆற்றைக் கண்காணித்த திட்டத்துக்குப் பணம் கொடுத்தது எண்ணெய்த் தொழில்தான். ஆற்றங்கரையே தார் மண், தார் இயற்கையாகக் கசிகிறது, நாங்கள் காரணமில்லை என்பது வழக்கமான பதில்.

அதை உடைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷின்ட்லரும் எரின் கெலியும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஆற்றுத் தண்ணீரோடு நிற்காமல் பனியையும் அள்ளிப் பார்த்தார்கள். வானத்திலிருந்து விழுகிற பனிக்கு ஆற்றங்கரைத் தார் ஏற வழியில்லை. சுரங்கங்களையும் சுத்திகரிப்பு ஆலைகளையும் சுற்றி விழுந்த பனியில் தார்ச் சேர்மங்களும், ஈயம், பாதரசம், ஆர்சனிக் உட்பட 13 நச்சுத் தனிமங்களும் இருந்தன. ஆலைக்குக் கிட்டப் போகப் போகக் கூடின. வசந்தத்தில் பனி உருகும்போது எல்லாம் ஒன்றாக ஆற்றுக்குள் போகும். 2009இலும் 2010இலும் கட்டுரைகள் வெளிவந்தன. அதற்குப் பிறகுதான் 2012இல் மத்திய அரசும் மாகாண அரசும் சேர்ந்து புதிய கண்காணிப்பைத் தொடங்கின.

சரி, கண்காணிப்பு வந்துவிட்டது, இனிக் கீழே இருப்பவர்களுக்கு உடனுக்குடன் தெரியும் என்றுதானே நினைப்போம்? 2022 வைகாசியில் இம்பீரியல் ஒயில் நிறுவனத்தின் கேர்ள் சுரங்கத்துக்குப் பக்கத்தில் நிறம் மாறிய தண்ணீர் தரைக்கு மேலே வந்தது. அது கழிவுக்குளத்துக் கசிவு என்ற விபரம் தங்களுக்கு ஒன்பது மாதம் கழித்தே தெரிய வந்தது என்று கீழ்முனை மக்கள் சொன்னார்கள். அதுவும் எப்படி? 2023 தையில் அதே சுரங்கத்தில் இன்னொரு தேக்கம் நிரம்பி 53 லட்சம் லீற்றர் வெளியே ஓடி, மாசியில் ஒழுங்குபடுத்தும் சபை கட்டளை பிறப்பித்தபோது. இடைப்பட்ட ஒன்பது மாதமும் அவர்கள் அந்தப் பக்கம் வேட்டையாடினார்கள், மீன் பிடித்தார்கள். நிறுவனத்தின் தலைவர் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் மன்னிப்புக் கேட்டார். 2024இல் விதித்த தண்டப்பணம் 50,000 டொலர். அத்தான் அதைச் சொல்லும்போது விரலை மடக்கினார்: எட்மன்டனில் நல்ல வாகனம் ஒன்று அந்தக் காசுக்கு வராது.

ஒப்பந்தம் இல்லாமலும் இல்லை. மக்கென்சிப் படுகைக்கு 1997இலேயே மத்திய அரசும் ஐந்து மாகாண, பிரதேச அரசுகளும் கையொப்பமிட்ட உடன்படிக்கை உண்டு: மேலே இருப்பவர் தண்ணீரைப் பயன்படுத்தலாம், ஆனால் கீழே இருப்பவரின் ஆற்றை நியாயமில்லாமல் கெடுக்கக் கூடாது. அதன் கீழ் அல்பேர்ட்டாவும் வடமேற்குப் பிரதேசமும் தமக்குள் விபரமான ஒப்பந்தம் செய்துகொண்டது 2015இல். பதினெட்டு வருஷம்! நம் ஊர்க் காணிப் பிணக்குகூட அதற்குள் முடிந்துவிடும். சில வேளை.

மெஷின் விமர்சனத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். விற்பனைக்காரர் கையிலிருந்த டிடிஎஸ் மீற்றருக்காகத்தான். பேனா அளவில் ஒரு கருவி, தண்ணீரில் முக்கினால் இலக்கம் காட்டும். இலக்கம் குறைந்தால் 'நல்ல தண்ணி' என்பார்கள். அது அளப்பது மின்சாரம் ஓடுகிற அளவை. அதிலிருந்து உப்பைக் கணக்குப் போடுகிறது. எண்ணெய் மின்சாரம் கடத்தாது. தார்ச் சேர்மங்கள் கடத்தாது. பூச்சிகொல்லிகளில் பலதும் அப்படித்தான். ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஒரு லீற்றரில் 10 மைக்ரோகிராம். இந்த மீற்றரின் கடைசி இலக்கம் ஒன்று கூடினால் அது 1,000 மைக்ரோகிராம். எல்லையைப் போல் நூறு மடங்கு ஆர்சனிக் இருந்தாலும் மீற்றர் 61ஐ 62 ஆக்கிவிட்டுச் சும்மா இருக்கும். அத்தபாஸ்கா ஆற்றில் முக்கினால் என் கிணற்றை விட மிக நல்ல இலக்கம் காட்டும். அதைத்தான் அத்தான் பொடியனிடம் கேட்டார்.

மெஷின் அவற்றையெல்லாம் எடுக்காது என்று சொல்லவில்லை. சவ்வு பல உலோகங்களைப் பிடிக்கும், கரி பல எண்ணெய்ச் சேர்மங்களைப் பிடிக்கும். கரி நிறைந்துபோனதா, சவ்வு கிழிந்துபோனதா என்பதைச் சொல்லத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை. உப்புக்கு நாக்கு காவல். மற்றவற்றுக்கு நாக்கும் காவல் இல்லை, மீற்றரும் காவல் இல்லை.

நம்மிடம் எண்ணெய் மணல் சுரங்கமா இருக்கிறது என்று சிரிக்கலாம். இல்லைதான். ஆனால் நாமும் கீழ்முனைக்காரர்தான். நாட்டின் மிக நீளமான ஆறான மகாவலி கங்கை, 335 கிலோமீற்றர் ஓடி, கடைசியில் வந்து சேர்வது மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவுக்கு. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வழித்துக் கொடுப்பது நம் வாசலுக்கு வருகிறது. என் அம்மா கட்டைபறிச்சான்காரி. மாரியில் கங்கை பெருகினால் குடா எத்தனை தூரம் சிவக்கிறது என்று பார்த்தே மலைநாட்டில் எவ்வளவு மழை என்று சொல்லுவார்.

குழாய்த் தண்ணீர் மட்டும் என்ன? திருகோணமலை நகரம் குடிப்பது கந்தளாய்க் குளம். கந்தளாய்க்கு மழைத் தண்ணீர் மட்டும் வருவதில்லை. கண்டிக்குக் கீழே பொல்கொல்லையில் 1976இலிருந்து மகாவலியைத் திருப்பி, மலைக்குள் சுரங்க வழியாக உக்குவளைக்குக் கொண்டுபோய், சுது கங்கை, அம்பன் கங்கை, எலஹெர, மின்னேரியா என்று கால்வாய் வழியே இறக்குகிறார்கள். அந்தத் தொடரின் வால்தான் கந்தளாய். பொல்கொல்லைக்கு மேலே கண்டி நகரம் இருக்கிறது. கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத எல என்கிற கால்வாய் நகரத்துக் கழிவைச் சேர்த்துக்கொண்டு கெட்டம்பேக்குப் பக்கத்தில் மகாவலியில் விழுவது ஊரறிந்த விஷயம். அதற்கும் மேலே நுவரெலியா மரக்கறித் தோட்டங்களும் தேயிலையும், உரமும் மருந்தும். வழியில் குளங்களில் தேங்கி, வெயில் பட்டு, கந்தளாயில் சுத்திகரித்து, குளோரின் போட்டுத்தான் தருகிறார்கள். என் மீற்றரில் குழாய்த் தண்ணீர் 150க்குக் கிட்ட நிற்கிறது. ருசியிலும் குறை இல்லை. நானும் பயமில்லாமல் குடிக்கிறேன். அதற்கு 85,000 ரூபாய் மெஷின் தேவையில்லை என்பதும் அதனால்தான். விரும்பினால் பஞ்சும் கரியும் உள்ள சின்ன பில்டர் போதும்.

பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. மாரிக்குப் பிறகு குழாய்ப் பக்கத்துப் பஞ்சைக் கழற்றினேன். வெள்ளையாகப் போட்டது மேலே தேயிலைச் சாய நிறத்தில் இருந்தது, கத்தியால் கீறிப் பார்த்தால் விரலளவுக்கு உள்ளேயும் அதே நிறம், நடுக்குழலுக்குக் கிட்டத்தான் வெள்ளை. தேய்த்தால் விரலில் மாவாக ஒட்டுகிற மென்களி. எங்கள் தெருவின் பழைய குழாய்த் துருவும் அதில் இருக்கும், மலைநாட்டு மண்ணும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, ஆனால் பஞ்சை மாற்றும் நாளைக் காலண்டரில் அல்ல, நிறத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மேலே ஒரு மதகு மூடினால் கீழே என்ன நடக்கும் என்பதை 2006இல் மாவிலாறு இந்த மாவட்டத்துக்கே காட்டியது. அது தண்ணீரின் அளவைப் பற்றிய சண்டை. தரத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கதைப்பதில்லை. பதவி சிறீபுரப் பக்கம் சிறுநீரக நோய் வந்த பிறகு ஆர்ஓ நிலையங்கள் போட்டார்கள்; கடற்படை மட்டும் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் கட்டிக் கொடுத்திருக்கிறது. நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் நோய்க்குக் காரணம் என்ன என்ற வாதம் இன்னும் ஓயவில்லை, அதற்குள் மெஷின் பழகிவிட்டது. மெஷின் வந்த வீட்டில் கிணற்றை எட்டிப் பார்க்கிற பழக்கமும் போய்விடும். என் வீட்டிலும் பார்க்கிறேன்.

இப்போது மெஷினின் உண்மையான குறைக்கு வருகிறேன். கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை. ஒரு வாளி நல்ல தண்ணீருக்கு மூன்று வாளி கழிவுத் தண்ணீர் போகிறது. போகிற தண்ணீரில் உப்பு கூடியிருக்கும்: கிணறு 900 என்றால் கழிவு 1,200க்குக் கிட்ட. பொருத்த வந்தவர்கள் அந்தக் குழாயைப் பின்மதில் ஓரம் இழுத்து விட்டுப் போனார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் கிணறு, நடுவில் வெறும் மணல். அவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பிள்ளை, உன்ர மெஷின் கழிக்கிற உப்பெல்லாம் என்ர கிணத்துக்குத்தானே வரப்போகுது?" என்றார். அவருக்கு அத்தபாஸ்காவைப் பற்றிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அத்தான் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றே குழாயைத் திருப்பிக் கழிப்பறை பிளஷ் தாங்கிக்கு விட்டோம். மிஞ்சுவது முற்றம் கழுவ, சைக்கிள் கழுவ. தென்னை தாங்கும், வாழைக்கும் கறிமிளகாய்க்கும் விட வேண்டாம், இலை ஓரம் கருகும். வாங்குகிறவர்கள் பொருத்த வருகிற நாளிலேயே வீட்டில் நின்று, கழிவுக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். இதை மட்டும் செய்தாலே பக்கத்து வீட்டோடு பகை வராது.

சேர்விஸ் பரவாயில்லை. கூப்பிட்டால் ஒரு கிழமைக்குள் வருகிறார்கள். சீசனில் கொஞ்சம் இழுபறி. கரண்ட் போனால் மோட்டர் நிற்கும், தாங்கியில் இருப்பதுதான் அன்றைய தண்ணீர், அதனால் பானையில் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சும் கரியும் மலிவு. சவ்வுதான் விலை. குழாய்த் தண்ணீரைக் கரி இல்லாமல் நேரே கொடுத்தால் குளோரின் சவ்வைத் தின்றுவிடும், ஆகவே கரியை மாற்றப் பஞ்சிப்படாதீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: மெஷினுக்கு முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். மீற்றரால் அல்ல. ஒரு போத்தலை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டினால் வன்மை, நைத்திரேற்று, கிருமி எல்லாம் தனித்தனியாக எழுதித் தருவார்கள். எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே எந்த பில்டர் என்று தெரியும். கிருமி மட்டும்தான் சிக்கல் என்றால் கொதிக்க வைப்பது எல்லா மெஷினையும் விட மலிவு.

குழாய்த் தண்ணீர்க்காரருக்கு வேறு ஒன்று. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டப்படி, கழிவுநீர் விடுகிற தொழிற்சாலை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், கழிவு தரத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் பொல்கொல்லைக்கு மேலே யார் எதை விடுகிறார் என்பது கந்தளாய்த் தண்ணீர் குடிப்பவருக்குத் தானாக வந்து சேர்கிற வழி எதுவும் என் கண்ணில் படவில்லை. கேட்டால்தான் வரும். கேட்க வழி இருக்கிறது: 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தருவோமா மாட்டோமா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மகளும் அத்தானும் மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள், கையொப்பம் நான் போட்டேன். மூன்று கேள்விகள்: கந்தளாய்க் குளத்தின் சுத்திகரிக்காத தண்ணீரில் எந்தெந்த உலோகங்களும் பூச்சிகொல்லிகளும் பரிசோதிக்கப்படுகின்றன, கடைசியாக எப்போது, மேலே ஏதாவது கசிந்தால் நகரத்துக்கு அறிவிக்கிற பொறுப்பு யாருடையது. மூன்றாவது கேள்வி அத்தானுடையது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.